ஆயிரத்தில் ஒரு பங்கு: சிறிய நாடும் அதன் புகைக் கணக்கும்



மொழியை வளர்ப்பதற்கென அமைந்த ஒரு மேடையில் பருவநிலைக் கொள்கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிலருக்கு இது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயினும் இத்தலைப்பை நான் தேர்ந்ததற்குக் காரணமே ஒரு தமிழ்ச் சொற்போர்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் சொற்போர் ஒன்றுக்கு நடுவராகச் சென்றிருந்தேன். “பசுங்குடில் வாயு வெளியேற்றத்தைக் குறைப்பது சிறிய நாடுகளுக்கும் கடமையே” என்பது தலைப்பு. ஒட்டிப் பேசிய அணியினர் மரங்களைப் பற்றியும் இயற்கையன்பைப் பற்றியும் இனிமையாகப் பேசினர். வெட்டிப் பேசிய அணியின் தலைவி ஒரே ஓர் எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டாள். “உலகின் மொத்த வெளியேற்றத்தில் சிங்கப்பூரின் பங்கு ஏறத்தாழ 0.1 விழுக்காடு. ஆயிரம் வெள்ளிக் கடனில் நம் பங்கு ஒரே ஒரு வெள்ளி. அதை நாம் கட்டினாலும் கடன் தீரப்போவதில்லை, கட்டாவிட்டாலும் கடன் கூடப்போவதில்லை” என்றாள். எதிரணியினர் வாயடைத்துப் போயினர். விதிகளின்படி அவளது அணிக்கே வெற்றியை அளித்தேன்.

பரிசு பெற்ற பிறகு அந்த மாணவி என்னிடம் வந்தாள். “ஐயா, நான் சொன்னது உண்மைதானா?” என்று கேட்டாள். “வாதம் நன்றாக இருந்தது” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவள் கேட்ட கேள்விக்கு அது விடையன்று. இன்றைய உரை, அன்று நான் சொல்லத் தவறிய விடை.

எண் சொல்லும் உண்மை

முதலில் அந்த மாணவியின் பக்கம் நின்று பார்ப்போம். அவள் சொன்ன எண் சரியானதே. அதன் பின்னால் ஓர் உண்மையான இடர்ப்பாடும் இருக்கிறது.

நம் நாட்டின் நிலப்பரப்பு ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். அதிலும் ஒரு பகுதி கடலிலிருந்து மீட்கப்பட்டது. புகையின்றி மின்சாரம் எடுக்க உலக நாடுகள் கையாளும் வழிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். நீர்மின்சாரம் எடுக்க மலையும் பேராறும் வேண்டும். நமக்கு இரண்டும் இல்லை. காற்றாலை சுழல நொடிக்கு 4.5 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்று வீச வேண்டும். இங்குச் சராசரி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர். கடலின் ஓதத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாம் என்றால், நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் குறைவு. கடற்பரப்பையோ கப்பல்கள் நிறைத்திருக்கின்றன. எஞ்சியிருப்பது வெயில். அதையும் தாங்கிப் பிடிக்க இடம் வேண்டும்.

இடமில்லாத ஊரில் இடம் தேடிய கதைக்குத் தெங்கே நீர்த்தேக்கம் நல்ல சான்று. 2021 ஜூலையில் அங்கே நீரின்மேல் மிதக்கும் சூரியசக்திப் பண்ணை திறக்கப்பட்டது. ஏறத்தாழ 1,22,000 தகடுகள். 60 மெகாவாட் உச்சத் திறன். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளின் கூரைகளிலும் தகடுகள் ஏறிக்கொண்டே இருக்கின்றன. 2021இல் அறிவிக்கப்பட்ட சிங்கப்பூர் பசுமைத் திட்டம், 2030க்குள் குறைந்தது 2 ஜிகாவாட் உச்சத் திறனை எட்ட வேண்டும் என்று இலக்கு வைத்தது. கேட்பதற்குப் பெரிய எண். ஆயினும் அந்த அளவு அவ்வாண்டின் மின்தேவையில் ஏறத்தாழ 3 விழுக்காட்டையே நிறைவுசெய்யும் என்பது அப்போது சொல்லப்பட்ட மதிப்பீடு. எனவே, “சிறிய நாட்டால் பெரிதாகச் செய்ய இயலாது” என்பதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியைத்தான் நாம் ஆராய வேண்டும்.

ஓர் எண், மூன்று வாசிப்புகள்

0.1 விழுக்காடு என்னும் அதே எண்ணை மூன்று விதமாக வாசிக்கலாம்.

முதல் வாசிப்பு, தலைக்கணக்கு. உலகில் 800 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். நாம் ஏறத்தாழ 60 இலட்சம் பேர். அப்படியானால் மக்கள்தொகையில் நம் பங்கு 0.07 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். மக்களில் 0.07, புகையில் 0.1. அதாவது, தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டால் நமக்கு உரியதைவிடக் கூடுதலாகவே வெளியேற்றுகிறோம். 2022இல் நம் நாட்டின் வெளியேற்றம் ஏறத்தாழ 59 மில்லியன் டன். எல்லாப் பசுங்குடில் வாயுக்களையும் கரியமில வாயுவின் அளவுக்கு மாற்றிச் சொல்லும் கணக்கு இது. இதை அப்போதைய மக்கள்தொகையால் வகுத்தால் ஆளுக்கு 10 டன்னுக்கு மேல் வரும். ஆயிரம் வெள்ளிக் கடனில் நம் பங்கு ஒரு வெள்ளிதான். ஆனால் கடன் வாங்கியவர்களின் வரிசையில் நாம் நிற்கும் இடம் பின்வரிசையன்று.

இரண்டாம் வாசிப்பு, பொதுக்கணக்கு. உலகின் வெளியேற்றம் முழுவதையும் 0.1 விழுக்காட்டுத் துண்டுகளாக வெட்டினால் ஆயிரம் துண்டுகள் கிடைக்கும். அவற்றை ஆயிரம் ஊர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வோர் ஊரும் “என் பங்கு ஆயிரத்தில் ஒன்றுதானே” என்று சொல்லலாம். ஒவ்வோர் ஊர் சொல்வதும் உண்மையாக இருக்கும். ஆயிரம் உண்மைகளும் சேர்ந்து ஒரு பேரழிவாக முடியும். பெரிய நாடும் இப்படிப் பல ஊர்களின் தொகுப்பே அல்லவா? ஷாங்காயிலோ ஹியூஸ்டனிலோ இருப்பவரும் தம் நகரின் பங்கைச் சிறியதாக்கிக் காட்ட முடியும். ‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்று நாம் பிள்ளைகளுக்குச் சேமிப்பைக் கற்பிக்கிறோம். துளி நன்மைக்கு மட்டும்தான் வெள்ளமாகும் என்று அப்பழமொழி எங்கும் சொல்லவில்லை.

மூன்றாம் வாசிப்பு, கணக்கில் வராத கணக்கு. கப்பல்களுக்கு உலகிலேயே மிக அதிகமாக எரிபொருள் நிரப்பும் துறைமுகம் சிங்கப்பூர்த் துறைமுகம். 2024இல் இங்கு விற்கப்பட்ட கப்பல் எரிபொருள் ஏறத்தாழ 55 மில்லியன் டன். ஒரு டன் எரிபொருள் எரியும்போது ஏறத்தாழ 3 டன் கரியமில வாயு வெளிப்படும். பெருக்கிப் பாருங்கள்: 165 மில்லியன் டன். நம் நாட்டுக் கணக்கில் எழுதப்படும் அளவைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். இது அந்த 0.1 விழுக்காட்டில் அடங்காது. ஐக்கிய நாட்டுப் பருவநிலை ஒப்பந்த விதிகளின்படி, அனைத்துலகக் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் நிரப்பும் எரிபொருளின் புகை எந்த நாட்டின் மொத்தத்திலும் சேர்க்கப்படுவதில்லை. தனிக் குறிப்பாகவே எழுதப்படுகிறது.

இதைச் சொல்வதால் சிங்கப்பூர் எதையோ மறைக்கிறது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். விதி எல்லா நாடுகளுக்கும் ஒன்றே. அந்தக் கப்பல்கள் சுமப்பது உலகின் சரக்கு. அவற்றின் புகையைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு அனைத்துலகக் கடல்துறை அமைப்பிடம் இருக்கிறது. 2050ஐ ஒட்டி நிகர சுழிய நிலையை அடைவது என்று அது 2023இல் உடன்பாடு கண்டது. அதே ஆண்டில் நம் துறைமுகத்தில் சரக்குக் கப்பல் ஒன்றுக்கு மெத்தனால் எரிபொருள் நிரப்பிச் சோதித்தும் பார்த்தனர். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. உலகக் கப்பல்கள் எந்த எரிபொருளுக்கு மாறும் என்பதில், 735 சதுர கிலோமீட்டர் நாடு ஒன்றின் முடிவுக்கு அதன் பரப்பளவைப் பன்மடங்கு மீறிய எடை உண்டு. சிறுமை என்பது எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இலக்குகளின் மொழி

இனி, நாடு என்ன செய்தது என்று பார்ப்போம். இங்கேதான் மொழி ஆசிரியர்களின் கவனத்தை வேண்டுகிறேன். ஒரு நாட்டின் உறுதிமொழியை அதன் சொற்களைக் கொண்டே எடைபோட வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூர் 1997இல் ஐக்கிய நாட்டுப் பருவநிலை ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தியது. 2006இல் கியோட்டோ உடன்படிக்கையில் சேர்ந்தது. 2016இல் பாரிஸ் உடன்பாட்டை உறுதிப்படுத்தியது. 2009இல், கோபன்ஹேகன் மாநாட்டுக்கு முன் நாம் சொன்னது இது: உலக நாடுகள் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்பாடு ஒன்றைக் கண்டால், 2020ஆம் ஆண்டில் நம் வெளியேற்றம் ‘வழக்கமான போக்கில்’ இருந்திருக்கக்கூடிய அளவைவிட 16 விழுக்காடு குறைவாக இருக்கும். ‘வழக்கமான போக்கு’ என்பது நடக்காத ஒன்றின் மதிப்பீடு. “படிக்காமல் இருந்திருந்தால் 30 மதிப்பெண்தான் வாங்கியிருப்பேன், ஆகவே 46 வாங்கியது முன்னேற்றம்” என்று ஒரு மாணவர் சொல்வதைப் போன்றது. அதில் முன்னேற்றம் இருக்கலாம். ஆனால் எந்த 30 என்று நாம் கேட்க வேண்டும்.

2015இல் சொல் மாறியது. 2030க்குள் ‘வெளியேற்றச் செறிவை’ 2005ஆம் ஆண்டின் அளவிலிருந்து 36 விழுக்காடு குறைப்போம் என்றோம். ஒரு வெள்ளி வருமானம் ஈட்ட எவ்வளவு புகை வெளிப்படுகிறது என்பதே செறிவு. இதில் ஒரு நுட்பம் உண்டு. பொருளாதாரம் 100, புகை 100 என்று வைத்துக்கொள்வோம். பொருளாதாரம் 200 ஆகி, செறிவு 36 விழுக்காடு குறைந்தால், புகை 128 ஆகும். செறிவு குறைந்தது, புகை கூடியது. இரண்டும் உண்மை.

2020இல் மீண்டும் சொல் மாறியது. 2030ஐ ஒட்டி வெளியேற்றம் 65 மில்லியன் டன்னில் உச்சம் தொடும் என்று, முதன்முறையாக முழு அளவிலேயே எண் சொல்லப்பட்டது. 2022இல் அது, முன்னதாகவே உச்சம் தொட்டு 2030இல் ஏறத்தாழ 60 மில்லியன் டன்னாக இறங்கும் என்று இறுக்கப்பட்டது. 2050க்குள் நிகர சுழிய நிலை என்னும் இலக்கும் அவ்வாண்டே உறுதியானது. 2025 பிப்ரவரியில், 2035ஆம் ஆண்டுக்கு 45 முதல் 50 மில்லியன் டன் என்னும் இலக்கை நாடு ஐக்கிய நாடுகளிடம் அளித்தது.

இந்தப் பதினாறு ஆண்டுப் பயணத்தில் நான் காண்பது ஒரு மொழி வளர்ச்சி. ‘இருந்திருக்கக்கூடிய அளவைவிட’ என்னும் நிபந்தனை வினையிலிருந்து, ‘இவ்வளவு டன்’ என்னும் பெயர்ச்சொல்லுக்கு நாடு வந்து சேர்ந்திருக்கிறது. நிபந்தனை வாக்கியத்தில் ஒளிந்துகொள்ள இடமுண்டு. எண்ணுக்குள் ஒளிய முடியாது.

விலை வைத்த புகை

சொல்லுக்கு நிகராகச் செயல் இருந்ததா? சில செயல்கள் பருவநிலை என்னும் பெயர் வாங்குவதற்கு முன்பே நடந்தவை. 1975இல் நகர மையத்துக்குள் நுழையும் வாகனங்களுக்குக் கட்டணம் வந்தது. 1990இல் வாகன எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வந்தது. இடநெருக்கடிக்காகச் செய்தவை, புகையையும் குறைத்தன. 2000ஆம் ஆண்டில் நம் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே இயற்கை எரிவாயுவிலிருந்து வந்தது. மீதியில் பெரும்பகுதி எரியெண்ணெய். இன்று ஏறத்தாழ 95 விழுக்காடு எரிவாயு. எண்ணெயைவிட எரிவாயு குறைவாகப் புகைக்கும். நாம் இதுவரை கண்ட மிகப் பெரிய குறைப்பு இதுவே. ஆனால் இந்த வழியில் இனிமேல் செல்லத் தூரமில்லை. எரிவாயுவும் புதைபடிவ எரிபொருளே.

2019 ஜனவரி முதல் நாள் கரிம வரி நடப்புக்கு வந்தது. தென்கிழக்காசியாவில் இதுவே முதல் கரிம வரி. ஆண்டுக்கு 25,000 டன் அல்லது அதற்கு மேல் வெளியேற்றும் பெரிய ஆலைகளும் மின்நிலையங்களும் டன் ஒன்றுக்கு 5 வெள்ளி கட்டின. கட்டுபவை ஏறத்தாழ 50 நிலையங்களே; ஆயினும் நாட்டின் வெளியேற்றத்தில் பெரும்பங்கு அவற்றினுடையது. ஐந்து வெள்ளிக்குப் பெரிய நிறுவனம் எதுவும் தன் பழக்கத்தை மாற்றாது என்ற குறை அப்போதே எழுந்தது. 2024இலும் 2025இலும் அது 25 வெள்ளி. 2026இலும் 2027இலும் 45 வெள்ளி. 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி வரை உயரும் என்பது திட்டம்.

இந்த வரி நம் வீட்டுக்கும் வருகிறது. மின்நிலையம் கட்டும் வரி, மின்கட்டணத்தில் சேரும். 25 வெள்ளி வீதத்தில், நாலறை வீவக வீட்டுக்கு மாதம் ஏறத்தாழ 4 வெள்ளி கூடும் என்று அரசு கணக்கிட்டது. அதன் சுமையைத் தணிக்க யூ-சேவ் தள்ளுபடியைக் கூட்டியது. வரியின் நோக்கத்தை உணர்ந்தவர் அந்த 4 வெள்ளியைப் பார்த்து ஓர் அறையின் குளிரூட்டியை நிறுத்துவார். உணராதவர் விலைவாசியை நொந்துகொள்வார். கொள்கை ஒன்று, பலன் இரண்டு. நடுவே நிற்பது விளக்கம். அந்த விளக்கம் பாட்டிக்கும் புரியும் தமிழில் கிடைக்கிறதா என்பது மொழி மன்றம் கேட்க வேண்டிய கேள்வி.

கடினமான பகுதி

பாராட்டி மட்டும் அமர்ந்துவிட்டால் நடுவர் கடமையில் மீண்டும் தவறியவனாவேன். ஆகவே கடினமான மூன்று செய்திகளையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, ஜூரோங் தீவு. நம் வெளியேற்றத்தில் மிகப் பெரும் பங்கு, பாதியை நெருங்கும் பங்கு, தொழில்துறையினுடையது. அதில் எண்ணெய்ச் சுத்திகரிப்பும் பெட்ரோலிய வேதிப்பொருள் உற்பத்தியும் முதன்மையானவை. நீங்களும் நானும் குளிரூட்டியை நிறுத்துவது நல்லது. ஆனால் பெரிய எண் அங்கே இருக்கிறது. அந்த ஆலைகள் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. வரியைக் கடுமையாக்கினால் அவை வரியில்லாத நாட்டுக்குச் செல்லலாம். அப்போது வேலை போகும், புகையோ வேறோர் இடத்தில் எழும். அதனால் உலகச் சந்தையில் போட்டியிடும் தொழில்களுக்கு இடைக்காலச் சலுகை தரப்படுகிறது. காரணம் விளங்குகிறது. ஆனால் இடைக்காலம் என்னும் சொல்லுக்கு முடிவுத் தேதி ஒன்று இருந்தாக வேண்டும்.

இரண்டு, ‘நிகரம்’ என்னும் சொல். வரவில் செலவைக் கழித்த மீதியை நிகரம் என்கிறோம். நிகர சுழியம் என்றால் புகையே இல்லை என்பது பொருளன்று. வெளியேற்றியதற்கு ஈடாக வேறெங்கோ உறிஞ்சியோ தடுத்தோ சமன்செய்தோம் என்பது பொருள். 2024 முதல் நிறுவனங்கள் தம் வரிக்குரிய வெளியேற்றத்தில் 5 விழுக்காடு வரை, வெளிநாட்டில் வாங்கிய கரிம வரவுகளைக் கொண்டு ஈடுகட்டலாம். பாப்புவா நியூ கினி, கானா போன்ற நாடுகளுடன் இதற்கான உடன்பாடுகள் செய்யப்பட்டுள்ளன. காடு ஒன்று உண்மையிலேயே காக்கப்பட்டால் இது நன்மை. எப்படியும் வெட்டப்படாதிருந்த காட்டைக் காத்ததாக எழுதினால் இது வெறும் எழுத்து. 5 என்னும் வரம்பு அந்த அச்சத்தை உணர்ந்து வைத்த வேலி.

மூன்று, அண்டை நாடுகள். இடமில்லாதவர் பிறரிடம் வாங்கத்தான் வேண்டும். 2022 ஜூனில் லாவோசின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக 100 மெகாவாட் வரை இங்கு வரத் தொடங்கியது. 2035க்குள் 4 ஜிகாவாட் அளவுக்குக் குறைந்த கரிம மின்சாரத்தை இறக்குமதி செய்வது என்ற இலக்கு, 2024இல் 6 ஜிகாவாட்டாக உயர்த்தப்பட்டது. நீருக்கும் உணவுக்கும் பிறரைச் சார்ந்து வாழக் கற்ற நாடு, இனி வெளிச்சத்துக்கும் சார்ந்து வாழக் கற்க வேண்டும். கம்பி மட்டும் போதாது. கம்பியின் இருமுனையிலும் நம்பிக்கை வேண்டும். மின்சாரம் அனுப்பும் நாட்டின் ஆறுகளுக்கும் கரையோர மக்களுக்கும் தீங்கு நேராதிருப்பதில் நமக்கும் பொறுப்பு உண்டு.

ஓதம் உயரும் கரை

இவ்வளவு இடர்ப்பாட்டுக்கிடையில் நாம் ஏன் முயல வேண்டும்? நேரான விடை ஒன்று நம் காலடியில் இருக்கிறது. இத்தீவின் ஏறத்தாழ 30 விழுக்காட்டு நிலம், சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரத்துக்குக் கீழே உள்ளது. 2024இல் வெளியான நம் நாட்டின் ஆய்வு, 2100க்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று சொல்கிறது. ‘கடல்கோள்’ என்னும் சொல்லைத் தமிழ் நெடுங்காலமாக அறியும். அது ஓரிரவில் ஊரை விழுங்கும் கடலைக் குறிப்பது. நமக்கு வருவது அப்படிப்பட்டதன்று. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்று, எவரும் காணாத வேகத்தில் வருவது. பெருமழையும் உயர் ஓதமும் ஒரே நாளில் சேரும்போது மட்டும் முகம் காட்டுவது.

2019ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், கடலிலிருந்து நாட்டைக் காக்க 100 ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ செலவாகலாம் என்றார். 2011 முதல், புதிதாக மீட்கும் நிலத்தின் குறைந்தபட்ச உயரம் 3 மீட்டரிலிருந்து 4 மீட்டராக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் ஏறத்தாழ 800 ஹெக்டர் பரப்பில் ‘நீண்ட தீவு’ ஒன்றை எழுப்பும் திட்டம் ஆராயப்படுகிறது. ஆனால் எவ்வளவு உயரச் சுவர் கட்டுவது என்பதை நாம் மட்டும் முடிவுசெய்ய இயலாது. உலகம் எவ்வளவு புகைக்கிறது என்பதே அதை முடிவுசெய்யும். சுவர் நம்முடையது, அதன் உயரம் பிறர் கையில்.

பிறர் கையில் இருப்பதை மாற்றச் சிறிய நாட்டிடம் இருப்பது ஒரே கருவி: மேசையில் அமர்ந்து பேசும் தகுதி. அதன் பயனை நம் நாடு கண்டிருக்கிறது. 1992இல் ரியோவில் நடந்த புவி உச்சநிலை மாநாட்டின் முதன்மைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சிங்கப்பூரின் டாமி கோ. 1990இல் உருவான சிறுதீவு நாடுகளின் கூட்டணியில் நாமும் உறுப்பினர். அங்கே நம்மருகில் அமர்வோர் மாலத்தீவினர், துவாலு மக்கள்; அவர்களிடம் 100 பில்லியன் வெள்ளி இல்லை. பெரிய நாடுகளிடம் “குறையுங்கள்” என்று கேட்பவன், “நீ குறைத்தாயா?” என்னும் எதிர்க்கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டும். நாம் குறைக்கும் டன்கள் கடல்மட்டத்தைத் தாழ்த்தப் போதா. ஆனால் அவை இல்லாமல் நாம் பேசும் பேச்சுக்கு எடை இராது. அந்த மாணவியின் ஒரு வெள்ளி, கடனைத் தீர்க்கும் வெள்ளியன்று. மற்ற 999 வெள்ளியைக் கேட்கும் உரிமைக்கு நாம் செலுத்தும் வெள்ளி.

திருத்திய தீர்ப்பு

ஆசிரியப் பெருமக்களே, 2023 மே 13ஆம் நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று ஆங் மோ கியோவில் வெப்பநிலை 37 பாகை செல்சியசை எட்டியது. 1983இல் தெங்காவில் பதிவான உச்சத்துக்கு இணையான அளவு. அவ்வாண்டில் உங்கள் வகுப்பில் பயின்ற உயர்நிலை ஒன்று மாணவருக்கு, 2050இல் நாற்பது வயது. நாடு சொன்ன சொல் காப்பாற்றப்பட்டதா என்று கணக்குப் பார்க்கப்போகிறவர் அவர். அந்தக் கணக்கைப் பார்க்க அவருக்குத் தேவையான சொற்களை இன்று நாம் கொடுத்தாக வேண்டும்.

வெளியேற்றம், செறிவு, நிகரம், ஈடு, உச்சம் ஆகிய ஐந்து சொற்களையும் நாம் ஒரு கட்டுரைப் பாடத்திலோ கருத்தறிதல் பாடத்திலோ கற்பிக்கலாம். ‘இயற்கையைக் காப்போம்’ என்று முடியும் கட்டுரைகளை நாம் போதுமான அளவு எழுதவைத்துவிட்டோம். இனி, “0.1 விழுக்காடு என்பது எதில்? எதைச் சேர்த்து? எதை விட்டு?” என்று கேட்கும் கட்டுரைகளை எழுதவைப்போம். ஒட்டிப் பேசிய அந்த அணி தோற்றதற்குக் காரணம் அவர்களிடம் நியாயம் இல்லாமையன்று. நியாயத்தைச் சொல்லும் சொற்களை நாம் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

அந்த மாணவி இப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கலாம். இந்த அவையிலேயே இருந்தாலும் வியப்பில்லை. அவளுக்கு இன்று என் விடை இது: நீ சொன்ன எண் உண்மை, அதிலிருந்து நீ வந்த முடிவு உண்மையன்று. வெற்றிக் கோப்பையை நீயே வைத்துக்கொள். அன்றைய விதிகளின்படி அது உனக்குரியது. ஆனால் அடுத்த முறை இதே தலைப்பு வந்தால் ஒட்டிப் பேசு. இன்று நான் சொன்னதைவிட நீ நன்றாகவே சொல்வாய்.